ரொட்டிக் கூடையில் சாய்த்த போன்

3 பிப்ரவரி 2025, திங்கள். மாலை 6.40. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியுள்ள விதிகள்: 14.

பதினான்காவதை இன்று சேர்த்தேன். "விதியை மீறினால் போன் டோரினிடம் போகும். விவாதம் கிடையாது." இலின்கா கீழே கையெழுத்துப் போட்டாள். படிக்காமலே போட்டாள். அதுவே ஒன்பதாவது விதியை மீறுவது: "படிக்காமல் எதற்கும் சம்மதம் என்று அழுத்தாதே." சொன்னேன். "நான் எங்கே அழுத்தினேன், எழுதினேன்" என்றாள். வயது பன்னிரண்டு. வாய் வக்கீல் வாய்.

மூன்றாவது விதி மட்டும் எனக்கானது. பிடிவாதம் பிடித்து அவள் போடவைத்தது: "டோரின் என் செய்திகளைப் படிக்க மாட்டான்." சரி என்றேன். படிக்க எனக்கு நேரமும் இல்லை.

நான் ஃப்லோரெஷ்டி மாவட்டத்து ஊர்களுக்கெல்லாம் இணையத்துக்கான ஃபைபர் கேபிள் இழுப்பவன். அங்கே பதிவேட்டில் மூன்றே கட்டம்: கோளாறு, காரணம், தீர்வு. வீட்டுக்கும் அதே போதும். அம்மா நான்கு வருடமாக இத்தாலியில், பதுவாவில், ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். அப்பா மாஸ்கோவில், அவரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மிச்சம் நானும் தங்கச்சி இலின்காவும். ரவுட்டரில் 212 தளங்களைத் தடுத்திருக்கிறேன். இதற்கு மேல் என்ன வேண்டும்?

5 பிப்ரவரி, புதன்

இரவுச் சாப்பாட்டில் தகராறு.

ஏழு மணிக்கு இலின்காவின் போனை ரொட்டிக் கூடையில் சாய்த்து வைப்போம். அங்கே ஆறு மணி. அம்மா தன் தட்டோடு உட்காருவாள். நாங்கள் மமலிகா என்கிற சோளமாவுக் களி, அவள் ஏதோ சூப். பின்னால் கிழவியின் டிவி அலறும். நான்கு வருடமாக இப்படித்தான் மூன்று பேரும் ஒரே மேஜையில் சாப்பிடுகிறோம்.

இன்று எங்கள் பக்கத்துப் படம் போகவில்லை. ஒரே கறுப்பு.

"கேமரா கெட்டுப்போச்சும்மா" என்றாள் இலின்கா, தட்டைப் பார்த்துக்கொண்டே.

"உன் மூஞ்சியைப் பார்க்காம எனக்கு எப்படி சூப் இறங்கும்? டேய் டோரின், ஊருக்கெல்லாம் ரிப்பேர் பண்றே, இதைப் பண்ண மாட்டியா?"

"நாளைக்குப் பண்றேன்."

"வேண்டாம், தானா சரியாயிடும்" என்றாள் இலின்கா. எந்தக் கேமரா தானாகச் சரியாகியிருக்கிறது?

6 பிப்ரவரி, வியாழன்

கோளாறு: கேமரா. காரணம்: பொய்.

போனை வேலைக்கு எடுத்துப்போய்ப் பிரித்துப் பார்த்தேன். கால் மணி நேரம். உள்ளே ஒரு குறையும் இல்லை. பிறகுதான் கண்ணாடியின் மேல் பிசுபிசுப்பைக் கவனித்தேன். காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியின் பசை. கண்ணுக்குத் தெரியாதபடி பொடியாக வெட்டி ஒட்டி, நான் வாங்கும்முன் பிய்த்திருக்கிறாள்.

என்னோடு வேலை செய்யும் வென்யா எட்டிப் பார்த்து, "பொண்ணுக்கு மூக்குல பரு வந்திருக்கும்டா. அம்மாகிட்ட காட்டக் கூச்சம். விடு" என்றான். பருவாக இருந்தாலும் பொய் பொய்தான்.

வீட்டில் கேட்டேன். பதிலில்லை. மூன்று முறை கேட்டேன். பதிலில்லை. விதி 14. போன் இப்போது என் மேஜை இழுப்பறையில், பூட்டில். ஒரு வாரத்துக்கு.

அவள் அழுதது எனக்கு ஆச்சரியம். கோபத்தில் அழுதால் புரியும். இவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணா, ஒரே ஒரு நிமிஷம் குடு. ஒண்ணே ஒண்ணுக்குப் பதில் போட்டுட்டுத் தந்துடறேன். அப்புறம் ஒரு மாசம்னாலும் வெச்சுக்கோ."

போதை என்று இதைத்தான் கட்டுரைகளில் எழுதுகிறார்கள். அப்படியே இருக்கிறது. வரி மாறவில்லை.

8 பிப்ரவரி, சனி

அம்மா என் போனில் வந்தாள். இலின்காவுக்கு வயிற்று வலியாம், மேஜைக்கு வரவில்லை. நேற்றும் வயிற்று வலி. அம்மா அவள் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். "திட்டாதே அவளை" என்று மட்டும் சொன்னாள். நான் எங்கே திட்டினேன்?

10 பிப்ரவரி, திங்கள்

நாளை இணையப் பாதுகாப்பு நாள். பள்ளியில் கிளவ்தியா டீச்சர் என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார். ஸ்லைடுகள் தயார்: 41. வென்யா பார்த்துவிட்டு, "இதைக் காட்டினா பசங்க நிஜமாவே இணையத்தை விட்டு ஓடிடுவாங்க. தூக்கம் வந்து" என்றான்.

11 பிப்ரவரி, செவ்வாய்

ஆறாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும். 63 பேர். 41 ஸ்லைடு, 38 நிமிடம். பாஸ்வேர்டு, போலிக் கணக்கு, வைரஸ், படத்தில் வீட்டு எண் தெரியக் கூடாது. எல்லாம் சொன்னேன். "இத்தனை சொல்லியும் மாட்டுகிறவன் முட்டாள். அவனுக்காக நான் அழ மாட்டேன்" என்றும் சொன்னேன். ஒரு டீச்சர் கைதட்டினார்.

கடைசியில் கேள்வி நேரம். பெயர் எழுதாமல் சீட்டில் எழுதி, ஒரு கம்பளித் தொப்பியில் போடச் சொல்லியிருந்தார் கிளவ்தியா டீச்சர். பெரும்பாலும் குப்பை. "நீங்கள் எவ்வளவு வேகமாக டைப் அடிப்பீர்கள்?" "உங்களுக்குக் காதலி உண்டா?" அப்புறம் ஒன்று:

"ஒருத்தர்கிட்ட நம்ம குரல் இருந்தா, அதைத் திரும்ப வாங்க முடியுமா?"

சத்தமாகப் படித்தேன். பதிலும் சொன்னேன். "முடியாது. போனது போனதுதான். அனுப்பும்முன் யோசித்திருக்க வேண்டும். அடுத்த கேள்வி." பையன்கள் சிரித்தார்கள்.

மூன்றாவது வரிசையில் இலின்கா குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் அடுத்த நான்கு சீட்டுகளைப் படித்து முடிக்கும்வரை கட்டினாள்.

12 பிப்ரவரி, புதன்

காலை 11.20. கம்பத்தடியில் இழை ஒட்டிக்கொண்டிருந்தோம். வென்யா மேலிருந்து சிக்னல் அளவைக் கத்தினான். எழுதிக்கொள்ளத் தாள் தேடிக் கோட்டுப் பையில் கைவிட்டேன். நேற்றைய சீட்டுகள் வந்தன. ஒன்றைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதப் போனேன்.

பின்பக்கம் காலியாக இல்லை. எங்கள் கம்பெனியின் வேலைத்தாள். பழைய தேதி. ஓரத்தில் பாதி கிழிந்த கையெழுத்து.

என் கையெழுத்து.

பாழான வேலைத்தாள்களைக் கட்டாகக் கட்டி வீட்டில் ஃபிரிட்ஜ் மேல் வைத்திருக்கிறேன், கடைப் பட்டியல் எழுத. அந்தப் பள்ளியில் வேறு யாரிடம் அந்தத் தாள் இருக்கும்? ஒருத்திதான். திருப்பினேன். குரலைத் திரும்ப வாங்க முடியுமா.

டேய் முட்டாள். அறுபத்து மூணு பேர் முன்னாடி. அடுத்த கேள்வின்னியே.

"அளவை எழுதினியாடா?" என்று மேலிருந்து வென்யா கத்தினான். நான் வண்டியில் ஏறிவிட்டேன். பாவம், அவன் ஏறியதும் ஏணியை வண்டியில் எடுத்து வைத்திருந்தேன்.

மாலை

இதையும் எழுதிவிட வேண்டும். நான் நன்றாக நடந்துகொள்ளவில்லை.

அவள் பள்ளியிலிருந்து வரும்வரை சமையலறையில் காத்திருந்தேன். வந்ததும் சீட்டை மேஜையில் வைத்து, "இது உன்னுதா?" என்றேன். அவள் முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

"போனை எடுத்தாச்சு. இன்னும் என்ன எடுக்கப் போறே?"

"யாருகிட்டடி குரல் இருக்கு? என்ன அனுப்பினே? ஏன் என்கிட்ட சொல்லலை?" கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும்.

"நீதான் சொன்னியே! போனது போனதுதான்னு. முட்டாள்னா அழ மாட்டேன்னு. அப்புறம் எதுக்குச் சொல்லணும்?"

வெளியே போனேன். கோட்டு இல்லாமல். பனியில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை, காது மரத்துப்போனது. எனக்குத் தெரிந்த எந்தக் கட்டத்திலும் இது அடங்கவில்லை. கோளாறு — காரணம் — காரணம் யார்?

உள்ளே வந்து இழுப்பறையைத் திறந்து போனை எடுத்து மேஜையில் வைத்தேன். ஃபிரிட்ஜிலிருந்த தாளில் பதினான்காவது விதியைக் கிழித்தேன். கிழிசல் கோணலாகப் போய்ப் பதின்மூன்றும் சேர்ந்து வந்துவிட்டது. போகட்டும்.

"நான் தப்பா பதில் சொல்லிட்டேன்" என்றேன். "எடுத்துக்கோ. இனிமே எடுக்க மாட்டேன். நீ என்ன பண்ணியிருந்தாலும் சரி."

அவள் எடுக்கவில்லை. விரலால் போனைத் தள்ளி வைத்தாள். "எனக்கு வேண்டாம். அதுல அவ இருக்கா."

"யாரு?"

அப்புறம்தான் சொன்னாள். நான் உருளைக்கிழங்கு உரித்தேன். கையில் வேலை இருந்தால் என் வாய் அடங்கும் என்று இன்றுதான் தெரிந்தது. இரண்டு பேருக்கு ஒன்றரைக் கிலோ உரித்துவிட்டேன்.

13 பிப்ரவரி, வியாழன்

அவள் சொன்னதை வரிசைப்படுத்துகிறேன்.

பியாங்கா. வயது 13. பெல்ட்ஸி நகரம். அப்படித்தான் சொல்லிக்கொண்டது. வீடு கட்டும் இணைய விளையாட்டு ஒன்றில் நவம்பரில் பழக்கம். இலின்கா அங்கே வைத்திருந்த பெயரிலேயே முழுப் பெயரும் ஊரும் வயதும் இருந்தன. பியாங்காவின் அம்மாவும் வெளிநாட்டில், அயர்லாந்தில். "அவளுக்கும் அப்படித்தான் அண்ணா. ராத்திரி சாப்பாட்டுக்கு அவளும் போனைத்தான் வெச்சுப்பாளாம். அவளுக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை."

குரல் பதிவுகள் மொத்தம் 22. எல்லாம் பேச்சு. படம் எதுவும் அனுப்பவில்லை.

ஜனவரியில் ஒன்று. கிறிஸ்துமஸுக்கு (எங்களுக்கு அது ஜனவரி 7) வருவதாகச் சொன்ன அம்மா, கிழவி விழுந்து இடுப்பு முறிந்ததால் வரவில்லை அல்லவா? அன்று அனுப்பியது. என்னிடம் போட்டுக் காட்டினாள். தலையணைக்குள் முகத்தை வைத்துப் பேசியது போலக் குரல். "அம்மாவுக்கு அந்தக் கிழவிதான் பொண்ணு. அங்கேயே இருக்கட்டும். வரவே வேண்டாம். அவ இல்லாமத்தான் எங்களுக்கு நல்லா இருக்கு."

அடுத்த வாரம் பியாங்காவின் பேச்சு மாறியது. அண்ணன் இல்லாதபோது கேமராவைப் போடு. நான் சொல்கிறபடி செய். மாட்டேன் என்றால் இந்தக் குரல் உன் அம்மாவுக்குப் போகும். கீழே அம்மாவின் இத்தாலி எண். சரியான எண்.

அவள் கேமராவைப் போடவில்லை. அதில் பிளாஸ்திரி ஒட்டினாள். அது தானாகத் திறந்துகொள்ளுமோ என்று பயம்.

கடைசிக் கெடு: 7 பிப்ரவரி, வெள்ளி. நான் போனைப் பூட்டியது ஆறாம் தேதி.

"பதில் போடலைன்னா அனுப்பிடுவாங்கன்னு தெரியும். அனுப்பிட்டாங்களா இல்லையான்னு தெரியாது. அம்மா மூஞ்சியைப் பார்த்தா தெரிஞ்சிடும். அதான் வயித்து வலின்னேன்."

"அப்பவே என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

"சொன்னா போனை எடுப்பே. அம்மா போனுக்குள்ளேதானே இருக்கா?"

இதற்கு என்னிடம் ஸ்லைடு இல்லை.

13 பிப்ரவரி, அதே நாள், பிற்பகல்

எண்ணை யார் கொடுத்தது? "நீயே குடுத்திருப்பே, மறந்திருப்பே" என்றேன். சத்தியம் செய்தாள். நான் நம்பவில்லை. 22 பதிவுகளையும் அவள் அனுமதியோடு கேட்டேன். எதிலும் எண் இல்லை.

இலின்காவின் பெயரையும் ஊரையும் போட்டு நானே தேடினேன், வெளியாள் தேடுவது போல. இரண்டாவதாக வந்தது என் சமூக வலைதளப் பக்கம்.

22 டிசம்பர். அம்மா அனுப்பிய பெட்டி. பதுவாவிலிருந்து வாரா வாரம் மினிபஸ் ஓட்டிவரும் தோல்யா அண்ணன் கொண்டுவந்தது. எல்லாப் பெட்டியிலும் எழுதுவது போல இதிலும் கட்டைவிரல் தடிமனான கறுப்பு மையில் அனுப்புபவர் பெயர், எண், பெறுபவர் பெயர், ஊர். பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி இலின்கா சிரிக்கிறாள். படம் எடுத்தவன் நான். எல்லோரும் பார்க்கும்படி போட்டவன் நான். மேலே எழுதியவனும் நானே: "பதுவாவிலிருந்து அம்மா வந்தாள், அட்டைப்பெட்டியில்." 118 பேருக்குப் பிடித்திருக்கிறது.

ஸ்லைடு 17: "படத்தின் பின்னணியில் எண்கள் தெரிகிறதா என்று பார்."

மாவட்டத்தில் பாதிப் பேர் இப்படிப் பெட்டியோடு படம் போடுகிறார்கள். எனக்கு அது எண்ணாகவே தெரியவில்லை. பெட்டி என்றால் அப்படித்தான் இருக்கும்.

போய்ச் சொன்னேன். "நம்பர் என்னாலதான் போச்சு. உன்மேல தப்பு இல்லை." படத்தைக் காட்டினேன்.

வெகுநேரம் பார்த்தாள். பிறகு: "அப்போ உன் போனை யாரு எடுத்து வெப்பாங்க?"

கொடுத்துவிட்டேன். வேறென்ன செய்ய? மாவு டப்பாவுக்குள் வைத்து மூடினாள். ஒரு மணி நேரம். ஆறு அழைப்பு தவறியது, ஐந்து வென்யா. திருப்பித் தரும்போது அவள் உதட்டோரம் லேசாகச் சிரிப்பு இருந்தது. ஒரு வாரத்தில் முதல் தடவை. போனின் சார்ஜ் துளையிலிருந்து இன்னும் மாவு வருகிறது.

14 பிப்ரவரி, வெள்ளி

எனக்கு வந்த முதல் யோசனை: எல்லாவற்றையும் அழி, கணக்கைத் தடு, அந்த ஆளை நானே தேடிப் பிடி, கதவைத் தட்டு. நல்லவேளை, அழிப்பதற்குமுன் தலைநகரத்து இணையக் குற்றப் பிரிவுக்குப் போன் செய்தேன். ஸ்தேலா என்று ஓர் இன்ஸ்பெக்டர். என் வேகத்தைவிட அவர் வேகம் அதிகம்.

"எதையும் அழிக்காதீங்க. பதிலும் போடாதீங்க. ஸ்கிரீன்ஷாட் எடுங்க, கணக்கோட பேரும் தேதியும் தெரியணும். எடுத்தப்புறம் விளையாட்டு நடத்தறவங்ககிட்ட புகார் குடுங்க. அதுக்கப்புறம் தடுங்க. திங்கட்கிழமை தங்கச்சியைக் கூட்டிட்டு வாங்க."

"அவன் எங்கேயிருந்து வர்றான்னு நானே கண்டுபிடிச்சிடுவேன்."

"நீங்க ஃபைபர் இழுக்கறவர்தானே? இழுங்க. துப்பறியறதை எங்ககிட்ட விடுங்க." பிறகு கொஞ்சம் மெதுவாக: "பொண்ணு கேமராவைப் போடலை. உங்ககிட்ட சொல்லியும் இருக்கா. பாதி வேலையை அவளே முடிச்சிட்டா, தெரியுமா? அவங்க கையில இருக்கறது ஒரே கயிறு. அம்மாவுக்குத் தெரிஞ்சிடும்கற பயம். அதை அவளே சொல்லிட்டா கயிறு அறுந்துடும். ஆனா நீங்க தள்ளாதீங்க. அவளா சொல்லணும்."

அது பதின்மூன்று வயதுப் பெண்ணாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்றும் சொன்னார். இலின்கா பக்கத்தில்தான் இருந்தாள்.

போனை வைத்ததும் அழுதாள். பயத்தில் என்று நினைத்தேன். இல்லை.

"அப்போ பியாங்கான்னு ஒருத்தி இல்லவே இல்லையா? அவ அம்மா? ராத்திரி சாப்பாடு?"

மூன்று மாதம் தினமும் பேசிய சிநேகிதி. அவளுக்கு அது சாவு வீடு. நான் குற்றவாளியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன், இவள் தோழியை இழந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கைக்குட்டையில் கிரீஸ் இருந்தது, அதையே கொடுத்தேன். அவள் கன்னத்தில் கறுப்புக் கோடு.

15 பிப்ரவரி, சனி

அவள் இன்னும் அம்மாவிடம் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. (நான்கு முறை வாயெடுத்தேன். நான்கு முறையும் உருளைக்கிழங்கு.)

16 பிப்ரவரி, ஞாயிறு

ஏழு மணி. இலின்கா தன் போனைத் தானே எடுத்து வந்தாள். ரொட்டிக் கூடையில் சாய்த்தாள். கேமராவின் மேல் மறுபடி ஒட்டியிருந்த பிளாஸ்திரியை நகத்தால் பிய்த்து, மேஜையின் அடிப்பக்கம் ஒட்டினாள்.

அம்மா வந்தாள். முகத்தைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வந்தியா என் கோழிக்குஞ்சே! வயித்து வலி போச்சா? என்னடி, மெலிஞ்சுபோயிட்டே. உங்கண்ணன் உருளைக்கிழங்கைத் தவிர எதுவும் போடறதில்லையா?"

"அம்மா, நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"உன்னைப் பத்தி நான் ஒருத்தர்கிட்ட மோசமா பேசிட்டேன். அதை வெச்சு மிரட்டறாங்க. உனக்கு அனுப்பிடுவேன்னு. அதுக்குமுன்னாடி நானே..."

அதற்கு மேல் வரவில்லை. நான் சொல்லலாமா என்று பார்த்தேன். மேஜைக்கடியில் என் காலை மிதித்தாள். சும்மா இரு என்று அர்த்தம்.

"நீ வரவே வேண்டாம்னு சொன்னேன்" என்றாள். "அந்தக் கிழவிதான் உனக்குப் பொண்ணுன்னு சொன்னேன். நீ இல்லாமத்தான் நல்லா இருக்குன்னும் சொன்னேன்."

அம்மா அசையவில்லை. படம் நின்றுவிட்டதோ என்று சிக்னலைப் பார்த்தேன். சிக்னல் முழுதாக இருந்தது.

"தெரியும்" என்றாள் அம்மா.

"என்ன?"

"ஏழாம் தேதி வெள்ளிக்கிழமையே வந்துடுச்சு. தெரியாத நம்பர்லருந்து. உன் வகுப்புப் பிள்ளைங்க எதுவோ வம்பு பண்றாங்கன்னு நெனச்சேன். கேட்டா நீ வெட்கப்படுவேன்னு கேக்கலை. மிரட்டறாங்கன்னு எனக்குத் தெரியாதுடி. தெரிஞ்சிருந்தா அன்னைக்கே தோல்யா பஸ்ல ஏறியிருப்பேன்."

"ஒன்பது நாளா தெரியுமா? தெரிஞ்சுமா தினமும் கூப்பிட்டே?"

"பின்னே? சாப்பாட்டு நேரமாச்சே."

இலின்கா விசும்பினாள். "கோபம் இல்லையா?"

"நான் முதல் தடவை கிளம்பினப்போ உனக்கு எட்டு வயசு. பஸ்ஸுக்குப் பக்கத்துல நின்னுட்டு ஊரே கேக்கற மாதிரி என்ன சொன்னே, ஞாபகம் இருக்கா? இதைவிட மோசமா சொன்னே. அதுவும் என் மூஞ்சிக்கு நேரா. கேட்டுட்டும் நான் பஸ்ல ஏறினேன். கோபம் யாருக்கு யார்மேல வரணும், சொல்லு."

பின்னால் கிழவி ஏதோ கேட்டாள். அம்மா இத்தாலிய மொழியில் ஒரு வார்த்தை சொன்னாள். டிவியின் சத்தம் குறைந்தது. நான்கு வருடத்தில் அது குறைந்து நான் கேட்டதேயில்லை.

"அதை அழிச்சிடும்மா" என்றாள் இலின்கா.

"அழிக்க வேண்டாம்னு போலீஸ்ல சொல்லியிருக்காங்க" என்றேன். இந்த நேரத்திலும் இதுதான் என் வாயில் வந்தது.

"வேண்டாம், இருக்கட்டும்" என்றாள் அம்மா. "ஒரு வாரமா நீ மேஜைக்கே வரலை. எனக்கு இருந்தது அந்தக் குரல் ஒண்ணுதான். நாலஞ்சு தடவை போட்டுக் கேட்டேன்."

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "நீ என்னடா பண்ணிட்டிருந்தே இத்தனை நாளா? வீட்டுக்குள்ளேயே ஒருத்தன் புகுந்திருக்கான், நீ விதி எழுதிட்டிருந்தியா?"

"ஆமாம்" என்றேன்.

"எத்தனை?"

"பதினாலும்மா" என்றாள் இலின்கா. "இப்போ பன்னெண்டு. கிழிக்கும்போது ஒண்ணு கூடவே போயிடுச்சு."

அம்மாதான் முதலில் சிரித்தாள்.

17 பிப்ரவரி, திங்கள்

தலைநகரம் போய்வந்தோம். இன்ஸ்பெக்டர் ஸ்தேலா இலின்காவிடம்தான் பேசினார். என்னை ஜன்னலோர நாற்காலியில் உட்காரவைத்தார். பிடிபடுவானா என்று கேட்டேன். "தெரியாது. சொல்ல முடியாததைச் சொல்ல மாட்டேன்" என்றார். எனக்குப் பிடித்த பதில். வரும்போது ரயிலில் இலின்கா என் தோளில் தூங்கினாள். தோள் மரத்துப்போயும் நகரவில்லை.

1 மார்ச், சனி

வசந்தத்தின் முதல் நாள். இலின்கா என் சட்டையில் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூலைக் குத்தினாள். அம்மா பின்னி அனுப்பியது. இன்று காலைதான் பெட்டி வந்தது. மாதம் முழுக்கக் குத்திக்கொள்வது எங்கள் வழக்கம். வென்யாவுக்கும் ஒன்று. ஏணி இல்லாமல் அவனைக் கம்பத்தின் மேல் விட்டுவிட்டு ஓடியதற்கு நஷ்ட ஈடு என்றாள் அம்மா.

பெட்டியில் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. பக்கவாட்டில் 31 என்று மட்டும். தோல்யா அண்ணனிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, பெட்டிக்கு வரிசை எண் போதும், மற்றதை நோட்டில் எழுதுங்கள் என்று இரண்டு வாரமாக நச்சரித்தேன்.

"இருபது வருஷமா ஓட்டறேன் தம்பி. பேரில்லாம எது யாரோடதுன்னு எப்படித் தெரியும்? மோந்து பார்த்தா?"

"நோட்டைப் பாருங்க."

"பார்த்தேன் பார்த்தேன். நல்லாத்தான் இருக்கு. முந்தி மழையில மை கரைஞ்சு நாலு பெட்டி மாறிப்போகும். அதை மட்டும் உங்கம்மாகிட்ட சொல்லாதே."

இப்போது பஸ்ஸில் எல்லாப் பெட்டியும் வெறும் எண்.

11 மார்ச், செவ்வாய்

இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார். ஆள் இன்னும் சிக்கவில்லை. கணக்கை மூடிவிட்டார்கள். அதே கணக்கு வேறு நான்கு பெண்களோடும் பேசியிருக்கிறது. நான்கு பேர் வீட்டிலும் அம்மாவோ அப்பாவோ வெளிநாட்டில். ஒவ்வொருத்தியிடமும் தன் அம்மாவும் வெளிநாட்டில் என்றே அது சொல்லியிருக்கிறது. இலின்கா சொன்னதால்தான் அவர்களைத் தேட முடிந்தது என்றார்.

அவளிடம் சொன்னேன். "நாலு பேரா" என்றாள். பிறகு, "அவங்க அண்ணனுங்க யாராவது போனைப் பூட்டி வெச்சாங்களாமா?"

24 மார்ச், திங்கள்

இன்று மமலிகாவைக் கிண்டிக்கொண்டிருந்தபோது இலின்கா அவளாகவே வந்து போனை நீட்டினாள். "அண்ணா, இதைப் பாரு. யாரோ புதுசா. என் படம் அழகா இருக்காம். எனக்கு ஒரு மாதிரி இருக்கு. நான் இன்னும் பதில் போடலை."

யாருடி அது, எங்கேருந்து வந்தான், எல்லாம் தொண்டைவரை வந்தன. விழுங்கினேன். அடுப்பை அணைத்தேன்.

"மூஞ்சியைப் பாரு, மூடி பறக்கப் போற குக்கர் மாதிரி" என்றாள்.

"காட்டு. சேர்ந்து பார்ப்போம்."

பார்த்தோம். ஸ்கிரீன்ஷாட் அவளே எடுத்தாள். புகார் அவளே கொடுத்தாள். தடுத்ததும் அவளே. ஐந்து நிமிடம். மமலிகா கட்டியாகிவிட்டது, சாப்பிட்டோம்.

ஒரு சந்தோஷம் வந்தது. ஃபைபரில் முதல் வெளிச்சம் பாயும்போது வருமே, அதைவிடப் பெரிது. அவளிடம் சொல்லவில்லை.

கிளவ்தியா டீச்சர் நாளை மறுபடி பேசக் கூப்பிட்டிருக்கிறார். நான்தான் கேட்டு வாங்கினேன். "நாப்பத்தோரு ஸ்லைடு கொண்டுவந்தே, நான் உன் தங்கச்சியே இல்லைன்னு சொல்லிடுவேன்" என்கிறாள் இலின்கா.

நாளைக்கு:

1. 9 மணி, பள்ளி. ஸ்லைடு கிடையாது.

2. முதலில் டிசம்பர் 22 படத்தைக் காட்டுவது (இலின்கா முகத்தை மறைத்து, எண்ணை மாற்றி, இரண்டுக்கும் அவள் சம்மதம் வாங்கியாயிற்று). இதில் தப்பு எங்கே என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்வது. யார் எடுத்த படம் என்றும் சொல்வது.

3. தொப்பிக் கேள்விக்குத் திரும்பப் பதில்: "குரலைத் திரும்ப வாங்க முடியாமல் போகலாம். ஆனால் அதை வைத்து உன்னை ஆட்டிவைக்க முடியாதபடி செய்யலாம். யாராவது ஒருவரிடம் சொல். போனமுறை நான் சொன்னது தப்பு." யார் கேட்ட கேள்வி என்று சொல்லக் கூடாது. மூன்றாவது வரிசையைப் பார்க்கவும் கூடாது.

4. "முட்டாள்" என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. என்னைப் பற்றிச் சொல்லும்போது ஒருமுறை பரவாயில்லை.

5. வீட்டுப் பெரியவர்களுக்கு: பிள்ளை சொல்ல வந்தால் போனைப் பிடுங்காதீர்கள். அதற்குள் அவர்கள் அம்மா இருப்பாள்.

6. கேள்விச் சீட்டுக்கு 63 வெள்ளைத் தாள், எல்லாம் ஒரே அளவு. நான் கொண்டுபோக வேண்டும்.

7. ஏழு மணிக்குள் வீடு. போனை ரொட்டிக் கூடையில் இலின்கா வைப்பாள். நான் தொட வேண்டாம்.